மன்ஹாட்டன் தூசிக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மனு: ஒரு சட்ட நிறுவனத்தின் சேவை பற்றிய மதிப்பீடு

நச்சுக் காற்றைச் சுவாசித்து நோயுற்றவர்களுக்காக இழப்பீடு கேட்டு வாதாடும் ஒரு சட்ட நிறுவனத்தை, அது பெற்றுத்தரும் தொகையை வைத்து மதிப்பிடுவது சரியாகாது. தொகையைச் சட்டமும் வருமானக் கணக்கும் தீர்மானித்துவிடும். நோயாளி எந்த நாட்களில் எந்தத் தெருவில் இருந்தார், எதைச் சுவாசித்தார் என்பதை இருபது ஆண்டு கழித்தும் தேடிப் பிடித்து, யாரும் தள்ளிவிட முடியாத ஆவணமாக ஆக்கித் தருகிறதா என்பதில்தான் அந்தச் சேவையின் தரம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு, நியூயார்க்கில் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தின் வழியாக 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து எழுந்த தூசியைச் சுவாசித்த என் அண்ணனுக்காக நாங்கள் மனுச் செய்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். மனு இன்னும் முடிவாகாததால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அண்ணனின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். வளைகுடா, அமெரிக்கா என்று வெளியே போய் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இல்லாத தெரு குமரி மாவட்டத்தில் அரிது. 2001-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வேலை பார்த்தவர் யாரேனும் இதைப் படித்தால், இந்த வழி தமக்கும் திறந்திருக்கிறது என்பதை அவர் அறிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் கணினிப் பொறியாளர். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் எச்1பி விசாவில் போய், மன்ஹாட்டனின் தென்கோடியில் பிராட்வே சாலையை ஒட்டிய ஒரு நிதி அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று காலையில் அவர் நியூ ஜெர்சியிலிருந்து புறப்படும் முன்பே ரயில்கள் நிறுத்தப்பட்டுவிட்டதால், உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். ஆனால் பங்குச் சந்தை செப்டம்பர் 17 அன்று மீண்டும் திறந்தது. அந்த வாரமே அவரையும் அலுவலகத்துக்கு அழைத்துவிட்டார்கள். இடிபாட்டின் அடியில் தீ டிசம்பர் வரை அணையாமல் புகைந்துகொண்டிருந்தது. பொடியான கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, கல்நார், ஈயம், எரிந்த எண்ணெயிலும் பிளாஸ்டிக்கிலும் இருந்து வந்த நச்சுச் சேர்மங்கள் எல்லாம் அந்தத் தூசியில் இருந்தன. கான்கிரீட் பொடியால் அது மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டிருந்தது. அப்படியிருந்தும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அன்றைய தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன், செப்டம்பர் 18 அன்று, அந்தக் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அறிவித்தார். அப்படிச் சொல்வதற்குப் போதிய தரவு அன்று முகமையிடம் இல்லை என்று அதன் சொந்தத் தலைமைத் தணிக்கை அலுவலகமே 2003-இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிவிப்பை நம்பி முகமூடி இல்லாமல் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

ஊருக்குத் திரும்பி வந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் ஓயவில்லை. மழைக்காலத்துச் சளி என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். 2021-இல் கழுத்தில் தெரிந்த கட்டியைப் பயாப்சி செய்தபோது தைராய்டு புற்றுநோய் என்று வந்தது; அறுவை சிகிச்சையும் அதன் பிறகு கதிரியக்க அயோடின் சிகிச்சையும் நடந்தன. இந்த நோய்க்கும் மன்ஹாட்டனுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எங்களுக்குச் சொன்னவர், அன்று அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த ஹைதராபாத்காரர்.

சட்டத்தின் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊரில் பலருக்கும் தெரியாது. தாக்குதல் நடந்த உடனே அமெரிக்க அரசு அமைத்த இழப்பீட்டு நிதியம், கென்னத் ஃபைன்பெர்க் என்பவரின் பொறுப்பில் இயங்கி, 700 கோடி டாலருக்கு மேல் வழங்கிவிட்டு மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் மீட்புப் பணியாளர்களும் குடியிருப்பாளர்களும் அலுவலக ஊழியர்களும் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் சத்ரோகா என்ற நியூயார்க் காவல்துறைத் துப்பறிவாளர் 2006 ஜனவரியில் இறந்தார். அவர் பெயரில் அமைந்த சட்டத்தில் 2011 ஜனவரி 2 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தால் மருத்துவக் கவனிப்புக்கு உலக வர்த்தக மையச் சுகாதாரத் திட்டமும், பணத்துக்குப் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதியமும் என இரண்டு ஏற்பாடுகள் வந்தன. 2012-இல் பலவகைப் புற்றுநோய்கள் பட்டியலில் சேர்ந்தன. நிதி குறைந்து இழப்பீடுகள் வெட்டப்பட்ட நிலையில், 2019 ஜூனில் லூயிஸ் ஆல்வாரெஸ் என்ற ஓய்வுபெற்ற துப்பறிவாளர், புற்றுநோய் முற்றிய உடலோடு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து அமர்ந்து சாட்சி சொன்னார். அந்த மாத இறுதிக்குள் இறந்துபோனார். அடுத்த மாதமே நிதியம் நிரந்தரமாக்கப்பட்டு, மனுச் செய்யும் கடைசி நாள் 2090 அக்டோபர் 1 வரை நீண்டது. இந்த நிதியம் ஒருவரின் குடியுரிமையையோ விசா நிலையையோ தகுதிக்கு அளவுகோலாகக் கொள்வதில்லை. அன்று விசாவில் இருந்து இன்று மார்த்தாண்டத்தில் வசிக்கும் ஒருவரும் அந்நாட்டுக் குடிமகனும் அதன் முன் சமம். இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நியூயார்க் நிறுவனத்தை அணுகும் முன் நாகர்கோவிலில் வெளிநாட்டு விவகாரங்களைப் பார்த்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஓர் ஆலோசனை மையத்துக்குப் போனோம். அங்கே முன்பணம் கேட்டார்கள். கிடைக்கும் தொகையில் கால் பங்கும் கேட்டார்கள். நிதியத்தின் விதிப்படி வழக்கறிஞர் கட்டணம் மொத்த இழப்பீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை அந்த மையத்தில் சொன்னபோது, தாங்கள் வழக்கறிஞர் அல்ல, ஆலோசகர்கள் என்று பதில் வந்தது. நோயாளியின் குடும்பம் பதற்றத்தில் இருக்கும் நேரத்தில் இப்படி இடையில் நுழைகிறவர்கள் எல்லாப் பேரிடருக்குப் பிறகும் வருகிறார்கள். அவர்களிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் எதையும் கொடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நியூயார்க் நிறுவனத்தில் எங்களுடன் முதலில் பேசியவர் வழக்கறிஞர் அல்ல. அவர்களின் கீழ் வேலை பார்க்கும் ஓர் உதவியாளர் அம்மையார். அங்கே காலை அலுவலகம் திறக்கும் நேரம் இங்கே இருட்டிய பிறகு என்பதால், அண்ணன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பார். நோயைப் பற்றி அந்த அம்மையார் முதல் அழைப்பில் அதிகம் கேட்கவில்லை. எந்த ரயிலில் வந்தீர்கள், எந்த வாசல் வழியாக வெளியேறினீர்கள், மேலே ஏறியதும் இடப்பக்கம் திரும்பினீர்களா வலப்பக்கமா, மதியச் சாப்பாட்டை எங்கே வாங்கினீர்கள், அலுவலக ஜன்னல் திறக்கக்கூடியதா, காற்றுப் பதன இயந்திரத்தின் வடிகட்டியை யார் மாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். மனைவிக்கும் தங்கைக்கும் இத்தனை ஆண்டுகளில் சொல்லாத ஒன்றை அண்ணன் அன்று சொன்னார். காலையில் வந்ததும் விசைப்பலகையைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினால், எழுத்துக் கட்டைகளின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள் மேசையில் விழும். அதைக் கைக்குட்டையால் துடைத்து அதே கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் அந்தக் கைக்குட்டையால்தான் முகத்தையும் துடைப்பார். அந்த அம்மையார் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இதை இப்படியே உங்கள் வாக்குமூலத்தில் எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்” என்றார். சொன்னபடியே செய்தார். நான் இந்தச் சேவையை மதிப்பதற்கு முதல் காரணம் அந்த அழைப்புதான்.

சட்டம் கேட்பது இரண்டு நிரூபணங்களை. ஒன்று, குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட காலத்துக்குள் அங்கே இருந்தது. நியூயார்க்கைப் பொறுத்தவரை, கனால் தெருவிலிருந்து ஈஸ்ட் பிராட்வே, கிளின்டன் தெரு வழியாக ஆற்றுக்குப் போகும் ஒரு கோட்டுக்குத் தெற்கே உள்ள மன்ஹாட்டன் பகுதியும், இடிபாடுகளை ஏற்றிச்சென்ற பாதைகளும் எல்லை. 2001 செப்டம்பர் 11 முதல் 2002 மே 30 வரை காலம். மற்றொன்று, பட்டியலில் உள்ள நோய் இருப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் முதல் நிரூபணம்தான் எங்களை அலைக்கழித்தது. அண்ணனை அனுப்பிய ஒப்பந்த நிறுவனம் கலைக்கப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. சம்பளம் கொடுத்தது அந்த ஒப்பந்த நிறுவனம், வேலை பார்த்த இடமோ வேறொரு நிதி நிறுவனம். ஆகவே நிதி நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது. சம்பளச் சீட்டில் நியூ ஜெர்சி முகவரி இருந்தது, அது எல்லைக்கு வெளியே. ஒப்பந்த வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லோருக்கும் இதே சிக்கல் வரும்.

இங்கே அந்த நிறுவனத்தின் அனுபவம் கைகொடுத்தது. வேலை நேரத்தைக் காட்டும் வாராந்திரத் தாளில் வாடிக்கையாளர் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருப்பார், அது எங்கேனும் இருக்கிறதா பாருங்கள் என்றார்கள். மதினி பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தார். கல்யாண ஆல்பத்துக்கும் காலாவதியான பாஸ்போர்ட்டுக்கும் அடியில், நான்காக மடித்த அத்தகைய தாள்கள் சில கிடந்தன. ஒன்றில் 2001 அக்டோபர் தேதியும், அலுவலகத்தின் தெரு எண்ணும், மேற்பார்வையாளரின் கையெழுத்தும் மங்காமல் இருந்தன. அதோடு, அண்ணனை அந்த இடத்தில் கண்ணால் பார்த்த இருவரின் பிரமாண வாக்குமூலங்களையும் கேட்டார்கள். ஹைதராபாத் நண்பர் உடனே கொடுத்தார். இரண்டாமவரைக் கண்டுபிடித்தது நிறுவனம்தான். தங்களிடம் ஏற்கெனவே மனுச் செய்திருந்த ஒருவர் அதே கட்டடத்தில் வேலை பார்த்தவர் என்பதைக் கோப்புகளிலிருந்து கண்டு, அவருடைய சம்மதம் பெற்று எங்களோடு பேசவைத்தார்கள். தனி ஆளாக நாங்கள் இதைச் செய்திருக்கவே முடியாது. பெரும் பேரிடர் ஒன்றில் பாதிக்கப்பட்ட பலருக்கு ஒரே அலுவலகம் வாதாடும்போது ஒருவரின் நினைவு இன்னொருவருக்குச் சான்றாகிறது.

நோய் பற்றிய இரண்டாவது நிரூபணத்தில் எங்கள் அச்சம் வேறு. எங்கள் தாயார் பிறந்த வீடு மணவாளக்குறிச்சிக்கு அருகே. விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் அந்தக் கடற்கரையில்தான் விளையாடினோம். அங்கே மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதும், அதைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலை இயங்குவதும் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உறவினர்களில் பாதிப் பேர், “நம்ம ஊரு மண்ணால வந்ததுக்கு அமெரிக்காக்காரன் ஏன் காசு தரப்போறான்” என்றே சொன்னார்கள். இந்தக் கேள்வியை மறைக்காமல் வழக்கறிஞரிடமே கேட்டோம். அவர் அளித்த விளக்கம் தெளிவாக இருந்தது. மன்ஹாட்டன் தூசிதான் ஒரே காரணம் என்று நிறுவுமாறு சட்டம் கேட்கவில்லை. நோயை உண்டாக்கியதிலோ, அதற்குத் துணைபோனதிலோ, அதை மோசமாக்கியதிலோ அந்தச் சுவாசம் குறிப்பிடத்தக்க பங்கு வகித்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்பதே அளவுகோல். தைராய்டு புற்றுநோய்க்கு, சுவாசித்த காலத்துக்கும் நோய் கண்டறிந்த காலத்துக்கும் இடையே குறைந்தது இரண்டரை ஆண்டு கடந்திருக்க வேண்டும். அண்ணனுக்கோ இருபது ஆண்டு. ஊர் மணலைப் பற்றிக் கேள்வி வந்தால் மறைக்க வேண்டாம், குழந்தைப் பருவத்தில் எங்கே வளர்ந்தார் என்பதை மருத்துவர் உள்ளபடியே எழுதட்டும் என்றார். இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு தொடர்ந்து மக்களைக் கண்காணித்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை என்பதையும் அவர் அறிந்துவைத்திருந்தார். எங்கள் ஊரைப் பற்றி நியூயார்க்கில் ஒருவர் படித்துத் தெரிந்துகொண்டு பேசியது எங்களுக்குப் பெரிய தெம்பைத் தந்தது.

அமெரிக்காவுக்குள் வசிப்பவர்கள் சுகாதாரத் திட்டத்தின் மருத்துவர்களிடம் போய்ச் சான்று பெறுகிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தத் திட்டம் சிகிச்சை அளிப்பதில்லை. அவர்களுக்குத் தம் சொந்த மருத்துவர் வழியாகப் படிவங்களை நிரப்பி அனுப்பும் தனி வழி ஒன்றை இழப்பீட்டு நிதியம் வைத்திருக்கிறது. அந்தப் படிவத்தை நம் ஊர் மருத்துவர் ஒருவரை நிரப்ப வைப்பது சிறு வேலையல்ல. வெளிநோயாளிகள் வரிசை நீண்டு கிடக்கும் நேரத்தில், நியூயார்க் தூசியைப் பற்றிய பல பக்கக் கேள்வித்தாளை அவர் முன் நீட்டத் தயக்கமாக இருந்தது. நிறுவனம் அந்தப் படிவத்தோடு, எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை அறிக்கை ஆதாரம் என்று குறித்த ஒரே பக்கத் தாளை இணைத்து அனுப்பியது. அதைப் பார்த்ததும் மருத்துவர் மறுப்பேதும் சொல்லாமல் அன்றே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மூக்கு, நுரையீரல் சார்ந்த நோய்களுக்கு அறிகுறி எப்போது தொடங்கியது என்பதே முக்கியம் என்றும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். குழித்துறையில் ஒரு டாக்டர் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு, தேதியோடு, அண்ணனின் பழைய நாட்குறிப்புக்குள் இருந்தது. வீட்டில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள் என்று இப்போது நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றையும் எழுதாவிட்டால் இது மதிப்பீடு ஆகாது. மனு உள்ளே போகும்வரை வாரம் தவறாமல் பேசியவர்கள், மனு போன பிறகு மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. நிதியத்தின் பரிசீலனைக்குக் காலம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் “இப்போது இந்த நிலையில் இருக்கிறது, உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை” என்று இரண்டு வரி எழுதுவதற்கு நேரம் பிடிக்காது. அண்ணனைப் போன்ற நோயாளிக்கு அந்த மௌனம் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. இரவில் எழுந்து மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதை மதினி பலமுறை கண்டிருக்கிறார். இடையில் எங்கள் கோப்பைப் பார்த்துவந்த அம்மையார் வேலையை விட்டுப் போனார்; புதிதாக வந்தவர் ஏற்கெனவே அனுப்பிய பயாப்சி அறிக்கையைத் திரும்பக் கேட்டார். கடிதங்கள் எல்லாம் வழக்கறிஞர்களே படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலத்தில் வந்தன. நான் ஆங்கிலம் அறிந்தவள் என்பதால் சமாளித்தேன். படகில் போய் வலை இழுக்கும் ஒருவரோ, ரப்பர் பால் வெட்டும் ஒருவரோ இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? உலகின் பல மொழிக்காரர்கள் வேலை பார்த்த நகரத்தின் பேரிடருக்கு வாதாடும் நிறுவனம், மொழிபெயர்ப்பாளரைத் தேடும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைப்பது பெரும் குறை என்றே நினைக்கிறேன்.

கட்டண விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டார்கள். இழப்பீடு கிடைத்தால் மட்டுமே 10 சதவீதம், கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை, அஞ்சல், நகல் போன்ற வழக்கமான செலவுகளுக்குத் தனியே கேட்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள், அப்படியே நடந்தார்கள். நோட்டரி கட்டணமும் கூரியர் செலவும் எங்கள் பக்கம் ஆனவை. எவ்வளவு கிடைக்கும் என்று ஒருமுறைகூட ஆசை காட்டிப் பேசவில்லை. வலிக்கும் வேதனைக்குமான தொகைக்குப் புற்றுநோய் எனில் 2,50,000 டாலரும், புற்றுநோயல்லாத நோய் எனில் 90,000 டாலரும் உச்சவரம்பு என்றும், வருமான இழப்பு தனியே கணக்கிடப்படும் என்றும், வேறு வழிகளில் கிடைத்த சில தொகைகள் அதில் கழிக்கப்படும் என்றும் முதல் மாதமே எழுத்தில் தந்துவிட்டார்கள்.

வழக்கறிஞர் இல்லாமலே இந்த மனுவைச் செய்ய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, படிவங்கள் இணையத்தில் உள்ளன, நிதியமே உதவி எண்ணும் வைத்திருக்கிறது. நிரந்தர ஊழியராக இருந்து, அலுவலக முகவரியுடன் சான்று தரக்கூடிய நிறுவனம் இன்றும் இயங்கிக்கொண்டிருந்தால், பொறுமையுள்ள ஒருவர் தானே செய்துகொள்ளலாம். ஒப்பந்த ஊழியராக இருந்தவர்களும், உணவகங்களிலும் துப்புரவு வேலையிலும் ரொக்கக் கூலிக்கு இருந்தவர்களும், பாதிக்கப்பட்டவர் இறந்துபோய் வாரிசுகள் மனுச் செய்கிற குடும்பங்களும், இத்தகைய நிறுவனத்தின் துணையோடு போவதே நல்லது என்பது என் கருத்து.

இதே சேவையை நம் நாட்டுப் பேரிடர்களுக்குப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த நச்சு வாயுவுக்கு 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். யார் எவ்வளவு சுவாசித்தார், எந்த உறுப்பு எவ்வளவு கெட்டது என்று ஒவ்வொருவருக்கும் முறையான மருத்துவக் கோப்பு அன்றே இருந்திருந்தால், அத்தனை பேரை லேசான பாதிப்பு என்ற ஒரே மூட்டையில் கட்டியிருக்க முடியாது. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்முடைய தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில், இழப்பீட்டு மனுவைக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் போட வேண்டும். என் அண்ணனின் நோய் வெளியே தெரிய இருபது ஆண்டு ஆனது. அமெரிக்கச் சட்டத்தில், சுகாதாரத் திட்டம் நோயை உறுதிசெய்து சான்றளித்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பெயரைப் பதிந்தால் போதும். நோய் எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கிறது. மெல்ல வளரும் நோய்களுக்கு நம் சட்டம் தரும் ஐந்தாண்டு போதாது என்பதை நம் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பேச வேண்டும்.

குமரிக் கடற்கரைக்கு இது தொலைவான விஷயம் அல்ல. 2017-இல் ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதிகளில் உடல் கிடைக்காமல் போனவர்களின் குடும்பங்கள், அவர்கள் அந்த நாளில் கடலில் இருந்தார்கள் என்று நிரூபிக்க என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தவர்கள் நாம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது, கால்சியம் கார்பைடு ஏற்றிய கொள்கலன்களும் எரிபொருளும் அதில் இருந்தன. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் நம் மணலிலும் ஒதுங்கின. அவற்றால் உடலுக்கு ஏதும் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவற்றை வெறுங்கையால் அள்ளியவர்கள் எந்த நாளில், எந்தக் கரையில், எத்தனை மணி நேரம் அந்த வேலையைச் செய்தார்கள் என்பதைப் பங்குத் தேவாலய அலுவலகத்திலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிவைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இருபது ஆண்டு கழித்து யாரும் இரும்புப் பெட்டியைத் துழாவ வேண்டியிருக்காது.

நம் ஊரிலேயே கட்டணமில்லாத ஒரு வழி இருப்பதையும் இந்த அலைச்சலில்தான் தெரிந்துகொண்டேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெரும் பேரிடர், வெள்ளம், நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு விண்ணப்பிக்கலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. நியூயார்க் நிறுவனத்தின் அம்மையார் அண்ணனிடம் கேட்டது போன்ற கேள்விகளைக் கேட்கப் பழகிய வழக்கறிஞர்கள் சிலரேனும் அந்தப் பட்டியலில் இருந்துவிட்டால், நம் மக்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும்.

எங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது. அண்ணன் நலமாக இருக்கிறார்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறார். அதே அலுவலகத்தில் வேலை பார்த்த வேறு இருவர் தமிழ்நாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால், முதலில் நிதியத்தில் பெயரைப் பதிந்துவிடட்டும். பதிவு என்பது மனு ஆகாது, அதற்காக யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை, வழக்கறிஞரை அமர்த்துவதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.